காற்று பார்த்துக் குறித்த கல்யாணம்

எல்லாரும் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பார்கள். நாங்கள் காற்று பார்த்தோம். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எங்கள் பிழைப்பு அப்படி.

நான் மலைச்சரிவில் இருக்கும் நீர்மின் நிலையத்தில் ஆபரேட்டர். அணையிலிருந்து குழாய் வழியாக இறங்கும் தண்ணீரை நான்கு பெரிய மெஷின்களுக்குள் விட்டுக் கரண்ட் எடுப்பது எங்கள் வேலை. என் மாப்பிள்ளை கடலுக்குள் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிற காற்றாலைகளில் பழுது பார்ப்பவர். படகில் போய், ஆடிக்கொண்டிருக்கும் படகிலிருந்து ஏணிக்குத் தாவி, தலைசுற்றும் உயரத்துக்கு ஏறி, அங்கே போய் ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு வருவார். நாங்கள் சந்தித்தது நகரத்தில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில். அன்றைக்கு எழுந்து நின்று, "காத்து அடிச்சா நாங்க கரண்ட் குடுப்போம், தண்ணிக்காரங்க குறட்டை விடுவாங்க" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "காத்து நின்னா நீங்க வெறும் காத்தாடி. அப்ப ஊருக்கு லைட்டு யாரு போடுறா?" என்று கேட்டேன். அதிலிருந்து அவர் எனக்குக் காத்தாடி. நான் அவருக்கு அணைக்கட்டு. என்ன சொன்னாலும் அசையமாட்டேனாம்.

சண்டையில் தொடங்கியது டீக்கடை வரை வந்து, அங்கிருந்து இரண்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்கும் அவருக்கும் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்ததால் என் அம்மா மறுபேச்சே பேசவில்லை. பையனுக்குக் கை கால் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், எங்கள் இரண்டு அலுவலகத்திலும் ஒரே விதி: காற்று இல்லாத நாளில் யாருக்கும் லீவு கிடையாது. காரணம் நியாயமானதுதான். காற்று வீசும்போது காற்றாலைகள் ஓடும், நாங்கள் மெஷினை நிறுத்தி அணையில் தண்ணீரைச் சேர்த்து வைப்போம். காற்று நின்றால் அவ்வளவு கரண்டும் எங்கள் தலையில் விழும், நான்கு மெஷினும் ஓடியாக வேண்டும். அதே நாளில்தான் கடல் அமைதியாக இருக்கும், அவர்களுடைய படகும் போக முடியும். அதனால் நின்றுபோன காற்றாலைகளையெல்லாம் அன்றைக்கே சரிசெய்யத் துரத்துவார்கள். ஆக, அமைதியான நாள் என்றால் இருவருக்கும் தலைக்கு மேல் வேலை. காற்றடிக்கும் நாளில்தான் நாங்கள் மனுஷர்கள்.

இது என் அம்மாவுக்கு எப்படிப் புரியும்? முதல் தடவை பதிவாளர் அலுவலகத்தில் அவளே நாள் குறித்தாள். "நல்லா வெயில் அடிக்கிற, ஒரு இலைகூட அசையாத நாளா இருக்கணும்" என்றாள். கேட்ட மாதிரியே அமைந்தது. ஒரு இலையும் அசையவில்லை. அவர் கடலில் இருந்தார், நான் மெஷின் பக்கத்தில் இருந்தேன். இரண்டு குடும்பமும் பதிவாளர் அலுவலகப் பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

இரண்டாம் தடவை நாங்கள் நாள் குறித்தோம். காற்று வரும் என்று வானிலைக்காரர்கள் சத்தியம் செய்யாத குறை. முதல் நாள் சாயங்காலம் மனசு மாறி, காற்று வேறு பக்கம் போய்விட்டது. மறுபடியும் பெஞ்சு, மறுபடியும் முகம்.

அதற்குப் பிறகுதான் அத்தை பேசினார். அத்தை என்றால் அவருடைய அம்மா. துறைமுகத்துக்குப் பின்னால் சலவைக் கடை நடத்துபவர். ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, மேசைத் துணி எல்லாம் அவரிடம்தான் வரும். தனியாளாகக் கடையையும் மகனையும் வளர்த்தவர். நேரம் தவறினால் வாடிக்கை போய்விடும் என்று நாற்பது வருஷம் ஓடியவருக்கு, கல்யாணத்துக்கே வராத மருமகள் எப்படிப் பிடிக்கும்? "ரெண்டு தடவை வரல. மூணாவது தடவையும் வரலன்னா அந்தப் பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு நான் எடுத்துக்குவேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சர் இருக்கா. ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமை லீவு. காத்தும் வேணாம் மழையும் வேணாம்" என்றார்.

"அம்மா சும்மா சொல்றாங்க" என்றார் காத்தாடி.

"சும்மா சொல்ற ஆளா அவங்க?"

அவர் என்னை விட்டுப் போகமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் மாமியார் வீட்டில் நான் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று நானேதான் சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லிலிருந்து அசையமுடியுமா, நான் அணைக்கட்டு ஆயிற்றே. மூன்றாவதாகக் குறிக்கும் நாள்தான் கடைசி என்று ஆகிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. கிடைக்காது என்று கையைக் கழுவிவிட்டிருந்த ஒன்று கிடைத்து, அதுவும் காற்றோடு போய்விடுமோ என்று பயம்.

அதனால் இந்தத் தடவை கஞ்சத்தனமே இல்லாமல் காற்று பார்த்தோம். வானிலை அறிக்கையில் ஒரு நாள் முழுக்கப் பலத்த காற்று என்று சிவப்பில் போட்டிருந்தது. அவர் அலை உயரத்தைப் பார்த்துவிட்டு, "படகு துறைமுக வாசலையே தாண்டாது" என்றார். நான் அணைக் கணக்கைப் பார்த்துவிட்டு, "மெஷினுக்கு நாள் முழுக்கத் தூக்கம்தான்" என்றேன். இருவரும் குழந்தை மாதிரி குதித்தோம்.

காற்று ஒரு அளவைத் தாண்டினால் காற்றாலைகள் தாமாகவே நின்றுவிடும். இறக்கை முறிந்துவிடாமல் இருக்க அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். அது அவருக்குத் தெரியும், தினமும் அதோடு மல்லுக்கட்டுகிறவர். எனக்கும் தெரியும், அந்தப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். ஊரில் வேறு யார் இந்தத் தப்பைச் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். கல்யாண ஆசையில் இரண்டு நிபுணர்களும் சேர்ந்து கோட்டை விட்டோம்.

அன்று காலை சித்தப்பா தன் வேனைக் கொண்டுவந்து எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தினார். காத்தாடியும் அத்தையும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். மணமகளை நேரில் பிடித்துக்கொண்டு போனால்தான் ஆச்சு என்று அத்தை சொன்னாராம். நான் புதுப் புடவையைப் பிடித்துக்கொள்வதா, தலைமுடியைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியாமல் ஏறினேன். அம்மா எனக்குப் பின்னால் ஏறி, "இதென்ன காத்து, பேய்க் காத்து" என்றாள்.

"அடிக்கட்டும்மா, நல்லா அடிக்கட்டும்" என்றேன்.

நல்லாவே அடித்தது. வேன் மலைப்பாதையில் இறங்க இறங்க, சித்தப்பா ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். ரோட்டோரத்தில் யாருடைய வீட்டுத் தகரமோ எங்களோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடி வந்தது. காத்தாடியின் செல்போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். மறுபடி சிணுங்கியது. அப்புறம் நிற்கவே இல்லை.

அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. "நின்னுடுச்சா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு ஒண்ணா நிக்குது" என்றார். "காத்து கூடிப்போச்சு."

"என்ன நின்னுடுச்சு? யாரு நின்னா?" என்றார் அத்தை.

அதற்குள் என் போன். நிலையத்திலிருந்து நிதானம் பேசினார். நிதானம் என்றால் எங்கள் ஷிப்டில் மூத்த ஆபரேட்டர். கூரை தீப்பிடித்தாலும், "கூரையில் தீ காணப்படுகிறது" என்று முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவர் குரலே அன்றைக்கு வேகமாக வந்தது. "கடல்ல மொத்தமும் போயிடுச்சும்மா. நாலு மெஷினும் வேணும்னு கரண்டைப் பிரிச்சுக் குடுக்குற சென்டர்ல கேக்குறாங்க. மூணை நான் இங்கிருந்தே எடுத்துடுவேன். நாலாவது உனக்குத் தெரியும். உன் இடத்துக்கு வரவேண்டியவன் பாலத்துக்கிட்ட மரம் விழுந்து மாட்டிக்கிட்டான். நான் ஒத்தையா இருக்கேன். உன்னை வான்னு சொல்ல எனக்கு வாய் வரல, இன்னைக்குப் போய்…"

நாலாவது எனக்குத் தெரியும். அது வயதான மெஷின். அதற்குத் தண்ணீர் விடும் பெரிய வால்வைத் திறப்பதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் சின்ன வால்வைக் கையால் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். அதன் மோட்டார் பழுதுக்குப் போய் மாதக்கணக்காகிறது. ஒருவர் சுற்ற, ஒருவர் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துச் சொல்ல, மேலே கண்ட்ரோல் ரூமில் ஒருவர். ஒற்றை ஆளாக முடியாது.

போனை வைத்துவிட்டு நான் யாரையும் பார்க்கவில்லை. பதிவாளர் சொன்ன நேரத்துக்கு ஊர் போய்ச் சேரத்தான் சரியாக இருக்கும். திரும்பினால் கல்யாணம் இல்லை. போனால் ஊருக்கு வெளிச்சம் இல்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. காற்றைப் பிடித்து உலுக்கவா முடியும்?

"சித்தப்பா, வேனைத் திருப்புங்க" என்றேன்.

சித்தப்பா கண்ணாடி வழியாக அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். "திருப்பினா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல?" என்று கேட்டார்.

"தெரியும் அத்தை."

"திருப்புங்க சித்தப்பா" என்றார் காத்தாடியும். "நின்னது எங்க மெஷின். பாரம் இவங்க தலையில. நாம போய் அங்க கையெழுத்துப் போட்டுக்கிட்டு நின்னா நல்லா இருக்காது."

அத்தை வாயைத் திறப்பதற்குள் அவர் போனும் அடித்தது. கடையிலிருந்து வேலைக்காரப் பெண். அவள் போட்ட கூச்சல் வேன் முழுக்கக் கேட்டது. ஊரில் பாதிக்குக் கரண்ட் இல்லை, ஓட்டல் விரிப்புகள் எல்லாம் சோப்புத் தண்ணீரோடு மெஷினுக்குள் மாட்டிக்கொண்டன, கதவு திறக்கமாட்டேன் என்கிறது, ஓட்டல்காரன் வாசலில் நிற்கிறான்.

அத்தை மகன் பக்கம் திரும்பினார். "உன் காத்தாடி நின்னா என் மெஷினும் நிக்குமாடா?"

"நிக்கும்மா."

"இத்தனை வருஷமா இதைச் சொல்லவே இல்லையே நீ!" என்று மகன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, "இன்னும் என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க, திருப்புங்க வண்டிய" என்று சித்தப்பாவை விரட்டினார்.

நிலையத்து வாசலில் நிதானம் எங்களை நிறுத்தினார். பாதி ஊர் கரண்ட் இல்லாமல் கிடக்க, வெளியாட்கள் ஹெல்மெட் இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று ஆளுக்கொரு ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார். என் அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல என்ன போடணும்?" என்று கேட்டாள். அவளையும் சித்தப்பாவையும் பார்வையாளர் அறையில் உட்கார வைத்துவிட்டு, நிதானம் மேலே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரும்புப் படியில் மெஷின் ஹாலுக்குக் கீழே இறங்கினேன். மூன்று மெஷினும் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தன. தரை அதிர்வது குதிகால் வழியாகப் பல் வரை ஏறியது. எண்ணெய் நாற்றம், ஈரச் சுவர், தலைக்கு மேலே மஞ்சள் கிரேன். காத்தாடியைக் கூப்பிட்டது நான்தான். பின்னாலேயே அத்தையும் வந்துவிட்டார். அவரைப் போகச் சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கிறது? காதுக் கவசம் ஒன்றுதான் கைக்குக் கிடைத்தது. அதை அவருக்கு மாட்டிவிட்டேன்.

சின்ன வால்வின் சக்கரத்தைக் காத்தாடி பிடித்தார். மூச்சைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது, புதுச் சட்டையின் தையல் பிரிந்தது, சக்கரம் மட்டும் அப்படியே இருந்தது.

"நகருடா" என்றார் அத்தை.

தண்ணீரில் ஊறிக் கனத்துப்போன விரிப்புகளை நாற்பது வருஷம் பிழிந்த கை அது. சக்கரத்தின் இரண்டு பக்கமும் பிடித்து, தோளை இறக்கி ஒரு முறுக்கு முறுக்கினார். கிரீச்சென்று ஒரு சத்தம், சக்கரம் நகர்ந்துவிட்டது. காத்தாடி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "நீயும் பிடிடா, என்ன வேடிக்கை!" என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு கத்தினேன். "மெதுவா! இன்னும் மெதுவா!" தண்ணீரை அவசரமாக விட்டால் குழாயே உதறும். அத்தையோ சுற்றுகிற உற்சாகத்தில் இருந்தார். முள் துள்ள ஆரம்பித்தது. எனக்குக் கல்யாணம், மாமியார், மரியாதை எல்லாம் மறந்துபோனது. அவர் கையைத் தட்டி, கவசத்தைத் தாண்டிக் காதில் விழும்படி, "நிறுத்துங்கன்னா நிறுத்தணும்! நான் சொன்னாத்தான் கை அசையணும்! புரியுதா?" என்று அதட்டினேன்.

அத்தை நிறுத்தினார். என்னையே பார்த்தார். பிறகு நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

அதற்கப்புறம் நான் சொல்லச் சொல்ல அவர் சுற்றினார். கால் சுற்று, நிறுத்து, அரைச் சுற்று, நிறுத்து. முள் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. நான் மேலே போன் செய்தேன். பெரிய வால்வு திறந்தது. நாலாவது மெஷின் தூக்கத்திலிருந்து எழுப்பிய கிழவர் மாதிரி முதலில் முனகி, கொஞ்சம் இருமி, அப்புறம் வேகம் பிடித்தது. கண்ட்ரோல் ரூமிலிருந்து நிதானத்தின் குரல் வரும்வரை மூவரும் மூச்சு விடவில்லை. "இணைச்சாச்சு. லோடு எடுக்குது. ஊருக்குத் திரும்பக் குடுக்குறாங்களாம்" என்றார். பிறகு தன் வழக்கத்துக்கு மாறாக, "சபாஷ்" என்றும் சொன்னார்.

அத்தை காதுக் கவசத்தைக் கழற்றினார். புடவை முந்தானையில் கிரீஸ், கன்னத்தில் துரு. கடைக்குப் போன் போட்டார். வேலைக்காரப் பெண் மெஷின் ஓடுகிறது என்றாள். அத்தை போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தபோது, இதோ வருகிறது, டீச்சர் பேச்சு வருகிறது என்று நான் தயாரானேன்.

"என்னை அதட்டிட்டியே" என்றார்.

"மன்னிச்சுக்குங்க அத்தை, அந்த நேரத்துல…"

"மன்னிப்பு எதுக்கு? என் கடையில நாலு பேரு வேலை பாக்குறாங்க, ஒருத்திக்கும் இப்படி அதட்டத் தெரியல." கையை உதறிக்கொண்டார். "நீ வராத அந்த ரெண்டு நாளும் இங்க இதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தியா?"

"ஆமா அத்தை."

"அங்க பெஞ்சுல உக்காந்திருந்தப்போ தலைக்கு மேல ஃபேன் ஓடிச்சு. உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே அந்தக் காத்தை வாங்கிக்கிட்டு இருந்தேன்." பிறகு என் ஹெல்மெட்டைச் சரியாக வைத்துவிட்டு, "கல்யாணம் எப்ப நடந்தா என்ன? நாளைக்கு நடக்கட்டும், ஆறு மாசம் கழிச்சு நடக்கட்டும். நீதான் எங்க வீட்டுக்கு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது மொத்தமும் மடை திறந்துகொண்டது. பக்கத்தில் காத்தாடிக்கும் கண் கலங்கியது. எண்ணெய்ப் புகை என்றார், அங்கே புகையே கிடையாது.

எப்படியும் பதிவாளரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று காத்தாடி போன் செய்தார். "வர முடியலைங்க, மன்னிச்சுக்குங்க" என்று ஆரம்பித்தவரை அந்த அம்மாள் பேசவே விடவில்லை. "யாரு வந்தா? காலையிலேருந்து கரண்ட் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல, ஒரு கல்யாணம்கூடப் பதியல. நாலு ஜோடி இருட்டுல உக்காந்துக்கிட்டு என்னை முறைக்குதுங்க. இப்பத்தான் லைட்டு வந்தது. இன்னைக்கு வேணும்னா சீக்கிரம் வந்து சேருங்க, வரிசையில விடுறேன்!"

கொஞ்ச நேரத்தில், பாலத்தருகே மாட்டிக்கொண்டிருந்தவன் மரத்தைத் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தான். நிதானம் அவனிடம் என் இடத்தை ஒப்படைத்துவிட்டு, ஹெல்மெட்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டுதான் எங்களை விட்டார். சித்தப்பா பின்வழிப் பாதையில் ஓட்டினார். காற்று தளர்ந்திருந்தது. மலையை விட்டு இறங்கும்போது கடல் தெரிந்தது. தூரத்தில் ஒரு காற்றாலை சோம்பல் முறிக்கிற மாதிரி ஒரு சுற்று சுற்றியது. "என் ஆளு எழுந்துட்டான்" என்றார் காத்தாடி. "இப்ப வந்து என்ன பிரயோசனம்?" என்றேன்.

பதிவாளர் அலுவலகத்தில் எங்களுக்குக் கடைசி இடம். எண்ணெய்க் கறை படிந்த புடவையோடு நானும், தையல் விட்ட சட்டையோடு அவரும் பதிவாளர் மேசைக்கு முன்னால் நின்றோம். மெஷின் ஹாலில் கவசம் இல்லாமல் நின்றதில் இரண்டு பேருக்கும் காது இரைந்துகொண்டே இருந்தது, வேனிலும் கத்திக் கத்தித்தான் பேசிக்கொண்டு வந்திருந்தோம். அந்த அம்மாள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அத்தை பின்னாலிருந்து என் தோளை இடித்து, "சம்மதமான்னு கேக்குறாங்க, சொல்லு!" என்று காதுக்குள் கத்தினார்.

"சம்மதம்!" என்று கத்தினோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில், மெஷின் ஹாலில் கத்துகிற அதே சத்தத்தில். வரிசை முடிந்து போய்க்கொண்டிருந்த ஜோடிகள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தன. பதிவாளரின் பேனா கையிலிருந்து விழுந்தது. அடுத்த அறையிலிருந்து ஒரு கிளார்க் என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தார்.

"மெதுவா சொன்னாப் போதும்மா" என்றார் பதிவாளர். அது மட்டும் எப்படியோ எனக்குக் கேட்டது. ஆனால் மெதுவாகச் சொல்ல மனசு வரவில்லை, இன்னொரு தடவை கத்தினேன்.